தோற்ற ராத்திரியின் கணக்கு யார் தலையில்?

2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது முதல் கோப்பையை ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸுக்கு வாங்கிக் கொடுத்த கோச் காசிநாதன் பாஸ்கரன். அடுத்த வருஷம் யு மும்பா கோப்பையைத் தூக்கியபோது கோச் எடச்சேரி பாஸ்கரன். 2022-ல் ஜெய்ப்பூர் மறுபடியும் ஜெயித்தபோது ஓரத்தில் நின்றவர் சஞ்சீவ் பாலியான். இந்த மூன்று பேரும் பின்னால் நம்ம தமிழ் தலைவாஸுக்கு வந்தார்கள். யாருக்குமே இங்கே கோப்பை வாய்க்கவில்லை. 2017-ல் முதல் பாஸ்கரன் இருந்தபோது அணி தன் பிரிவில் கடைசி. 2019-ல் பன்னிரண்டு அணிகளுக்கும் கடைசி. அந்த சீசன் பாதியிலேயே எடச்சேரி பாஸ்கரன் விலகிவிட்டார்.

மூன்று பேரும் வேலை தெரியாதவர்களா? ஒரு ஊரில் கோப்பை வாங்கிய மனுஷன் இன்னொரு ஊருக்கு வந்ததும் கபடியை மறந்துவிடுவாரா? ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் டிவி முன்னால் உட்காருகிற எனக்கு இந்தக் கேள்வி பல வருஷமாக இருக்கிறது. எங்கள் தெருமுனை டீக்கடையில் பதில் உடனே கிடைத்துவிடும். தலைவாஸ் தோற்ற மறுநாள் காலை, கம்பெனி பஸ் வருவதற்குள், "மொதல்ல அந்தக் கோச்சை மாத்துங்கப்பா" என்று தீர்ப்பு ஆகிவிடும். அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஏன் என்று இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஏலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோச்சின் வேலையில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

2022 ஆகஸ்டில் ஒன்பதாவது சீசனுக்கான ஏலம். ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவழிக்கலாம் என்று வைத்திருந்த தொகை 4.4 கோடி ரூபாய். தலைவாஸ் ரெய்டர் பவன் ஷெராவத் ஒருவரை மட்டும் 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. கையில் இருந்த பணத்தில் பாதிக்கும் மேலே ஒரே ஆளுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த 2.14 கோடியில் ஒரு முழு அணியைச் சேர்க்க வேண்டும். இடது மூலை, வலது மூலை, இரண்டு கவர், இரண்டாவது ரெய்டர், மூன்றாவது ரெய்டர், இவர்களுக்கெல்லாம் மாற்று ஆட்கள்.

அக்டோபர் 8, பெங்களூரு. தலைவாஸின் முதல் ஆட்டம், எதிரே குஜராத் ஜயன்ட்ஸ். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள், ரெய்டுக்கு வந்த சந்திரன் ரஞ்சித்தை மடக்கப் போன பவனின் முழங்கால் திரும்பிவிட்டது. ரஞ்சித் நம்ம தமிழ்நாட்டுப் பையன், அன்றைக்கு எதிரணியில். பவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்பவே இல்லை. அணியின் பாதிப் பணம் முதல் ராத்திரியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

அந்த இரவு அந்த அணியின் அறையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். வந்திருந்த பையன்கள் எல்லோரும், "பவன் அண்ணன் பாயின்ட் எடுப்பார், நாம் பின்னால் நின்று தாங்கினால் போதும்" என்று இரண்டு மாதம் பழகியவர்கள். ஆட்டத்தின் கணக்கே அவரைச் சுற்றிப் போட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரும்போது அந்தக் கணக்கு இல்லை. ஏலமும் முடிந்துவிட்டது; கடைக்குப் போய் இன்னொரு பவனை வாங்கிவர முடியாது. இருக்கிற பையன்களை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

தொடக்கத்தில் தடுமாறினார்கள். அப்போதைய கோச் உதயகுமார் போனார். சீசன் நடுவில் அஷன் குமார் வந்தார். அர்ஜுனா விருது வாங்கிய பழைய வீரர். அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பாடம். நரேந்தர் என்று ஒரு பையன், அதுதான் அவனுக்கு முதல் சீசன். "நீதான் இனிமேல் முதல் ரெய்டர்" என்று அவன் தோளில் வைத்தார்கள். அவன் அந்த சீசனில் 243 ரெய்டு பாயின்ட் எடுத்தான். அறிமுக சீசனில் அதற்கு முன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. சாகர் ராட்டி ஒரு மூலையில், சாஹில் குலியா இன்னொரு மூலையில், நடுவில் மோஹித், நம்ம அபிஷேக் என்று இளவட்டங்களின் தடுப்பாட்டம் இறுகியது. ஐந்து வருஷமாக அடிமட்டத்தில் கிடந்த அணி ஐந்தாவது இடத்தில் வந்து முதல் முறையாக பிளே-ஆஃப் போனது. உ.பி. யோத்தாஸுடன் 36-36 என்று சமனாகி, டை-பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தார்கள். அரையிறுதியில் புனேரி பல்தனிடம் 37-39. இரண்டே பாயின்ட். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

இங்கே நீங்கள் கேட்பீர்கள்: "அப்ப கோச்சை மாத்தினதாலதானே நல்லது நடந்துச்சு? நீ எதுக்கு மாத்தக் கூடாதுங்கிற?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: ஆள் மாறியதைவிட, யார்மேல் நம்பிக்கை வைப்பது என்பது மாறியதுதான் அந்த சீசனைத் திருப்பியது. நரேந்தர் ரெய்டு போய் வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் உண்டு. அடுத்த ஆட்டத்திலும் அவனையே அனுப்பினார்கள். புதுப் பையனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நான் இருபது வருஷமாக லைனில் இருக்கிறவன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஸ்டிச்சிங் லைன். லைனில் நல்லா ஓட்டுகிற ஒரு அக்கா திடீரென்று லீவு போட்டால், சூப்பர்வைசர் என்ன செய்கிறார் என்பதில்தான் அன்றைய டார்கெட் இருக்கிறது. பின்னால் டிரிம்மிங் செய்துகொண்டிருந்த பொண்ணை மெஷினில் உட்காரவைத்து, முதல் பத்து ஜோடி வீணானாலும் கத்தாமல் பக்கத்தில் நிற்பவர் ஒருவர். "உனக்கு எவன் மெஷின் குடுத்தான்" என்று அரை மணியில் எழுப்பிவிடுபவர் இன்னொருவர். இரண்டாமவர் லைனில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். எந்த ஆட்டமானாலும் கோச்சின் வேலை என்று நான் நினைப்பது இந்த முதல் ஆள் செய்கிற காரியத்தைத்தான்.

நட்சத்திரங்கள் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு 2019 உதாரணம். 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானை வீழ்த்திய அஜய் தாக்கூர் கேப்டன். தெலுங்கு டைட்டன்ஸின் முகமாகவே இருந்த ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். தடுப்பில் மஞ்சீத் சில்லர். பேப்பரில் பார்த்தால் கோப்பை நம்முடையது. ஆட்டத்தில் கடைசி இடம். அஜய், ராகுல் இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க "முதல் ரெய்டு என்னுடையது" என்றே விளையாடி வந்தவர்கள். ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் ரெய்டு போக வேண்டும். யாரைக் காப்பாற்றி வைப்பது, யாரை முதலில் அனுப்புவது, மூன்றாவது ரெய்டுக்கு, அதாவது பாயின்ட் எடுத்தே ஆக வேண்டிய டூ-ஆர்-டை ரெய்டுக்கு, யார் பெயரைச் சொல்வது? சொல்லப்படாத பெயர்க்காரரின் முகத்தை அடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில் கோச்தான் பார்க்க வேண்டும்.

தனி ஆள் ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எங்கள் வேலூர்ப் பக்கம் பேர் வாங்கிக் கொடுத்தது பளுதூக்குதல். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கியவர். அங்கே ஒரு வீரன், ஒரு கம்பி, ஒரு எடை. தோற்றாலும் ஜெயித்தாலும் கணக்கு நேர். அணி ஆட்டத்தில் அப்படி நேர்க்கணக்கு கிடையாது. ஏழு பேர் உள்ளே, மற்ற அத்தனை பேரும் வெளியே. வெளியே இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு பொங்கல் டோர்னமென்ட். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, டியூப் லைட். ஒரு ஊர் அணியின் மாஸ்டர், ஐம்பது வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்கிறார். அணியில் பத்துப் பையன்கள். பெயர் படிக்கிறார். ஏழு பெயர் முடிந்ததும் ஒரு பையன் டிராக்பேன்ட்டைக் கழற்றப் போன கை அப்படியே நிற்கிறது. முழங்காலுக்கு நீ-கேப் எல்லாம் மாட்டித் தயாராக வந்தவன். மாஸ்டர் அவனைப் பார்க்காமல் போகவில்லை. ஆட்டம் ஆரம்பிக்க விசில் அடிக்கப் போகிற நேரத்தில் அவனிடம் போய் குனிந்து காதில் ஏதோ சொன்னார், பையன் தலையாட்டினான். அப்புறம் ஆட்டம் முழுக்க அவன்தான் உள்ளே இருந்தவர்களுக்குக் குரல் கொடுத்தான், "மூலை பாரு, மூலை பாரு" என்று. இரண்டாம் பாதியில் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கியபோது அவன் உள்ளே போனான். அவன் உடம்பு ஏற்கனவே ஆட்டத்தில்தான் இருந்தது. மாஸ்டர் காதில் என்ன சொன்னாரோ, எந்த டிவி கேமராவும் பிடிக்காத வேலை அது.

தலைவாஸ் மாதிரி அணியில் இந்தக் காதில் சொல்கிற வேலைக்கு இன்னொரு தடை, மொழி. வீரர்களில் பலர் ஹரியானாக்காரர்கள். டைம்-அவுட்டில் பேச்சு இந்தியில் ஓடும். ஒரு சீசனில் ஈரானிலிருந்து வந்தவர் இருப்பார். தஞ்சாவூரிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வந்த பையனுக்கு இந்தி பாதிதான் புரியும். ஆம்பூரில் எங்களுக்கு இது பழக்கம். ஒரே ஃப்ளோரில் தமிழும் உருதும் தெலுங்கும் ஓடும், மூன்றிலும் திட்டு வாங்கியிருக்கிறோம். ஆனால் எங்களுக்கு ஒரு தையல் புரியவில்லை என்றால் நின்று கேட்க நேரம் உண்டு. அங்கே டைம்-அவுட் அரை நிமிஷம். அதற்குள் மூச்சு வாங்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கோச் சொல்வது புரிய வேண்டும், போய் நிற்க வேண்டும்.

அந்த அரை நிமிஷத்தில் கோச் என்ன முடிவெடுக்கிறார் தெரியுமா? பல பேர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன 2019, 2022 சீசன்களின் விதிப்படி ஜெயித்தால் 5 பாயின்ட், சமன் ஆனால் 3, ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் 1. கடைசி மூன்று நிமிஷம், நாம் ஆறு பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயிக்கப் பாய்ந்தால் ஒரு ஆல்-அவுட் வாங்கி பத்து வித்தியாசம் ஆகலாம், அந்த ஒரு பாயின்ட்டும் போய்விடும். பாயாமல் நேரத்தைத் தின்றால் ஒரு பாயின்ட் உறுதி. ரசிகர்கள் கத்துவார்கள், "ஏன்டா நிக்கிற, போடா" என்று. 22 ஆட்டம் முடிந்து ஆறாவது இடமா ஏழாவது இடமா என்று பார்க்கும்போது இந்த ஒற்றைப் பாயின்ட்கள்தான் பேசும். அப்போது அந்த ராத்திரியை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

இதே வலியை வேறொரு ஆட்டத்தில் பார்த்து நான் அசந்து போனேன். அமெரிக்க பேஸ்பால். அந்த ஆட்டத்தின்மேல் எனக்கு ஆர்வம் வந்ததே பந்தால்தான். படிகாரம் போட்டுப் பதப்படுத்திய வெள்ளை மாட்டுத் தோல், அதில் சிவப்பு நூலில் 108 தையல், இன்றைக்கும் கோஸ்டாரிக்காவில் கையால் தைக்கிறார்கள். 1974 வரைக்கும் குதிரைத் தோல். தோல் ஊரில் பிறந்தவனுக்கு இது போதாதா? பந்தைத் தேடிப் போய் ஆட்டத்தில் விழுந்தேன்.

அங்கே ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஆறு மாதம், கிட்டத்தட்ட தினமும். அணியை நடத்துபவரை மேனேஜர் என்பார்கள். அவரும் வீரர்களைப் போல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பந்து வீசுபவரை எப்போது மாற்றுவது என்பதுதான் அவருடைய பெரிய தலைவலி. ஒரு முறை வெளியே எடுத்தவரை அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே விட முடியாது.

2020 அக்டோபர் 27, கோப்பையை முடிவு செய்கிற உலக சீரிஸின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் எதிரணி டாட்ஜர்ஸைக் கட்டிப்போட்டிருக்கிறார். ஆறாவது இன்னிங்ஸ், 1-0 முன்னிலை, 73 பந்துதான் வீசியிருக்கிறார், ஒன்பது பேரை ஸ்டிரைக்-அவுட் செய்துவிட்டார். மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து அவரை வெளியே எடுத்தார். ஒரே வீச்சாளரை மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர்கள் அடித்துவிடுவார்கள் என்பது அவர்கள் வருஷம் முழுக்க நம்பிய கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் சின்ன பட்ஜெட்டில் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். மாற்று வீச்சாளர் வந்தார், அந்த இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் இரண்டு ரன் எடுத்து முன்னே போனது, 3-1 என்று கோப்பையும் போனது. அன்றிலிருந்து கேஷ் பெயரைச் சொன்னால் அந்த நடைதான் ஞாபகம் வருகிறது. ஸ்னெல்லை விட்டுவைத்து அவர் அடி வாங்கியிருந்தால்? "கணக்கு தெரியாத மடையன்" என்று அதே வாய்கள் சொல்லியிருக்கும். இரண்டு பக்கமும் அடி விழுகிற இடத்தில் நின்று ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

பேஸ்பாலிலேயே இன்னொரு பெயர், கோனி மேக். ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை நடத்தியவர். மேனேஜராக மொத்தம் 3,731 வெற்றி, 3,948 தோல்வி. அதிக வெற்றியும் அவர் பெயரில், அதிக தோல்வியும் அவர் பெயரில். அணியில் அவருக்கும் பங்கு இருந்ததால் யாரும் துரத்த முடியவில்லை என்பது உண்மை. ஐந்து முறை உலக சீரிஸ் ஜெயித்தார் என்பதும் உண்மை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம சென்னையிலேயே இருக்கிறது. ஸ்டீபன் ஃப்ளெமிங் 2009-லிருந்து சென்னை சூப்பர் கிங்ஸின் கோச். 2020-ல் அணி ஏழாவது இடம். முதல் முறையாக பிளே-ஆஃப் போகவில்லை. "வயசான அணி, எல்லாரையும் மாத்து" என்று ஊரே சொன்னது. மாற்றவில்லை. அடுத்த வருஷம் கோப்பை. 2025-ல் கடைசி இடம். அப்போதும் ஃப்ளெமிங்கை அனுப்பவில்லை. தோனி இருந்தார், பணம் இருந்தது, எல்லாம் சரி. ஆனால் ஒரு தோற்ற வருஷத்தைத் தாங்கிக்கொள்கிற மனசு அங்கே இருந்தது. அதே ஊரில், தலைவாஸில் பாஸ்கரன், இன்னொரு பாஸ்கரன், உதயகுமார், அஷன் குமார், திரும்ப உதயகுமாரோடு தர்மராஜ் சேரலாதன், அப்புறம் பாலியான். ஒவ்வொருவரும் வந்து வீட்டைத் துடைத்துக் கோலம் போடுவதற்குள் வீடு மாறச் சொல்லிவிடுகிறார்கள்.

அஷன் குமாரை அடுத்த சீசனுக்கு வைத்திருந்தார்கள், ஒன்பதாவது இடம் வந்தது, அதோடு முடிந்தது. 2022-ல் யாரென்றே தெரியாத பையன்களை 2023-ல் எல்லா அணியும் வீடியோ போட்டுப் படித்துவிட்டு வந்தது. நரேந்தர் எந்தப் பக்கம் சாய்வான், சாகர் எப்போது கணுக்காலுக்குப் பாய்வான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இளம் அணிக்கு இரண்டாவது வருஷம் இப்படித்தான் கஷ்டமாக இருக்கும். மூன்றாவது வருஷத்தில்தான் அந்தப் பையன்கள் புது வித்தை காட்டியிருப்பார்கள். அதைப் பார்க்க நாம் காத்திருக்கவில்லை. பதிலாக 2024-ல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. மறுபடியும் ஒன்பதாவது.

2025-ல் பவன் கேப்டனாகத் திரும்பி வந்தார். சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே, ஒழுங்குக் காரணத்துக்காக அனுப்பிவிட்டோம் என்று அணி அறிவித்தது. அவர் தன் தரப்பில் மறுத்தார். உள்ளே நடந்ததை வைத்து யார் சரி என்று நான் சொல்லப் போவதில்லை. அர்ஜுன் தேஷ்வால் கேப்டனாகி மீதி ஆட்டங்களை ஓட்டினார், பிளே-ஆஃப் கிடைக்கவில்லை. பாலியான் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். கேப்டன் போன மறுநாள் பயிற்சிக்கு மற்ற பையன்கள் வருகிறார்கள். சிலர் அவருடைய நண்பர்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அங்கே முதல் வார்த்தையைக் கோச்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, எங்கள் டீக்கடையில் அதிகம் அடிபடுகிற விஷயம்: "தமிழ் தலைவாஸ்னு பேர், உள்ளே தமிழன் எங்கே?" இந்த வருத்தம் எனக்கும் உண்டு, ஆழமாகவே உண்டு. பிரபஞ்சன் இங்கே ஆடினார், அபிஷேக் ஆடினார், செல்வமணி, மாசானமுத்து மாதிரி பையன்கள் வந்தார்கள். ஆனால் முதல் ஏழில் நிலையாக நிற்க ஒரு பையனுக்கு இரண்டு மூன்று சீசன் அடி வாங்க இடம் வேண்டும். இந்த வருஷம் தோற்றால் தன் வேலை போய்விடும் என்று பயப்படுகிற கோச் அந்த இடத்தை எப்படிக் கொடுப்பார்? அவர் பழக்கப்பட்ட, ஏற்கனவே பாயின்ட் எடுத்துக் காட்டிய ஹரியானாப் பையனைத்தான் இறக்குவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். "கோச்சை மாத்து" என்பதும் "தமிழ்ப் பையனை இறக்கு" என்பதும் ஒரே வாயில் வருகிறது. ஒன்று இன்னொன்றைக் கெடுக்கிறது.

சேரலாதன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிலும் மூலையில் நின்றவர், 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை வாங்கியவர், வடநாட்டுப் பையன்களே "அண்ணா" என்று கூப்பிட்ட ஆள். அவர் மாதிரி ஒருவரிடம் மூன்று வருஷம் என்று எழுதிக் கொடுத்து, ஏல மேஜையிலும் அவரையே உட்காரவைத்து, முதல் வருஷம் பன்னிரண்டாவது இடம் வந்தாலும் கேட்க மாட்டோம் என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால் அந்த முதல் வருஷம் முழுக்க, காலையில் பஸ் வருவதற்குள் அவருக்காக டீக்கடையில் நான் வாதாடுகிறேன்.